படிப்பகச் சுவரில் பர்மாப் போர்: எந்த ஊர் யார் கையில் என்று படம் போடும் முறை

எண்ணூரிலும் வியாசர்பாடியிலும் பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய. அங்கே இராணுவத்துக்கும் பல இனங்களின் ஆயுதப் படைகளுக்கும் போர் நடக்கிறது. படிப்பகத்துக்குப் பேப்பர் பார்க்க வரும் பெரியவர் "மோல்மேன் இப்ப யாரு கைலப்பா இருக்கு?" என்று கேட்டால், செல்போனில் சுற்றும் கலர் படத்தைக் காட்டிப் பதில் சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்தப் பதில் பெரும்பாலும் தப்பாக இருக்கும். மலையும் காடுமாகக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டரை ஒரே நிறத்தில் பூசிவிட்டால் அங்கே ஒரே ஆட்சி நடப்பதுபோலத் தோன்றும். உண்மையில் அங்கே இருப்பது நாலு முகாம், ரெண்டு ரோடு, ஒரு செக்போஸ்ட். ஆகவே இந்த முறையில் நிலத்துக்கு நிறம் பூசுவதே கிடையாது. ஊருக்கு ஒரு குறி, ரோட்டுக்கு ஒரு கோடு, கூட்டணிக்குத் தனி நோட்டு, எல்லாவற்றுக்கும் தேதி.

முதலில் படம். மியான்மர் வடக்கிலிருந்து தெற்காக ஏறக்குறைய 2,050 கி.மீ., அகலம் அதிகபட்சம் 930 கி.மீ. ஒரு செ.மீ.க்கு 20 கி.மீ. என்று வைத்தால் உயரம் 103 செ.மீ., அகலம் 47 செ.மீ. வரும். ஏ0 தாள் 84-க்கு 119 செ.மீ. என்பதால் படம் போக, பக்கத்தில் குறி விளக்கம் எழுத 35 செ.மீ.க்கு மேல் இடம் மிஞ்சும். 4 அடிக்கு 3 அடி சாஃப்ட் போர்டில் இந்தத் தாள் அப்படியே உட்காரும். இதைவிடச் சின்ன அளவில் போடாதீர்கள். நாட்டில் 330 டவுன்ஷிப், நம் தாலுகா மாதிரி நிர்வாகப் பிரிவு. இந்த அளவிலேயே சராசரி டவுன்ஷிப் ஒன்று பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் சின்னதாகத்தான் விழும். குறிபோட அதற்குள் இடம் வேண்டும்.

டவுன்ஷிப் எல்லை, ஊர், ரோடு எல்லாம் உள்ள அடிப்படம் எம்.ஐ.எம்.யூ. (மியான்மர் தகவல் மேலாண்மைப் பிரிவு) தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பிளக்ஸில் அடிக்க வேண்டாம். பென்சில் பிடிக்காது, குண்டூசி குத்திய ஓட்டை கிழிந்துகொண்டே போகும். வீட்டு பிளான் பிரிண்ட் போடும் கடையில் மேட் பேப்பரில், கருப்பு வெள்ளையில் எடுப்பது நல்லது. அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு வேலை: மேற்கே அருணாச்சலம், நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம் இருக்கும் பகுதியை எல்லைக்கோட்டோடு வெட்டி வெறுமையாக விட்டுவிடுங்கள். வெளிநாட்டுத் தளங்களின் படத்தில் அருணாச்சல எல்லை நம் சர்வே ஆஃப் இந்தியா படத்தோடு ஒத்துப்போகாது. இந்திய எல்லையைத் தவறாகக் காட்டி வெளியிடுவது 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

படத்தின் மேல் நேரடியாக எழுதக் கூடாது. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் ட்ரேசிங் பேப்பர் ரோல் கிடைக்கும். மாதத்துக்கு ஒரு தாள் வெட்டிப் படத்தின் மேல் போட்டு அதில் குறியிடுங்கள். மாதம் முடிந்ததும் அதை எடுத்துச் சுருட்டிவிட்டு, நடப்பு நிலவரத்தை மட்டும் புதுத் தாளில் நகல் எடுத்துத் தொடருங்கள். மேஜை விரிப்பாக விற்கும் கண்ணாடி ஷீட் வேண்டாம். மார்க்கர் மை அதற்குள் ஊறிவிடும், ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாலும் போகாது. ட்ரேசிங் பேப்பரிலும் ஒரு தொல்லை உண்டு. ஐப்பசி மழையில் ஈரம் குடித்து நீளும், ஒரு மீட்டர் தாளில் சில மில்லிமீட்டர் விலகினாலே குறி பக்கத்து ஊரில் போய் உட்கார்ந்துவிடும். அதனால் அடிப்படத்தின் நான்கு மூலையிலும் கூட்டல் குறி போட்டு, ஒவ்வொரு தாளிலும் அதை நகலெடுத்து, பார்க்கும்போதெல்லாம் பொருத்திப் பார்க்க வேண்டும். கடல் காற்றில் இரும்பு ஊசி ஒரே மாதத்தில் துருப்பிடித்துத் தாளில் கறை விடும். பிளாஸ்டிக் தலை வைத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பின் வாங்குங்கள். சுவர் வியர்க்கும் இடமென்றால் போர்டுக்குப் பின்னால் ரெண்டு ரீப்பர் கட்டை அடித்து அரை அங்குலம் காற்றோட்டம் விடுங்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம்ம ஏரியாவில் கருப்பும் சிவப்பும் பக்கத்துப் பக்கத்தில் வந்தாலே "எந்தக் கட்சி போர்டு தம்பி இது?" என்று ஆள் வந்துவிடும். வேடிக்கை ஒருபுறம் இருக்கட்டும், ஆண்களில் சிலருக்குச் சிவப்பு-பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. நிறத்தோடு ஒவ்வொரு தரப்புக்கும் ஓர் எழுத்தும் கொடுத்துவிட்டால் ரெண்டு சிக்கலும் தீரும்.

பெயர்ப் பதிவேடு

படத்தைத் தொடும் முன்பே இதை முடிக்க வேண்டும். தவிர்க்கிறவர்கள் இரண்டாம் வாரமே மாட்டிக்கொள்வார்கள். பர்மாவில் ஒரே ஊருக்கு நாலு பெயர் உண்டு. பெரியவர்கள் சொல்லும் அக்யாப்தான் இன்றைய சிட்வே. பெகு என்பது பகோ, புரோம் என்பது பியே, மேமியோ என்பது பின்ஊல்வின், மோல்மேன் என்பது மௌலமியைன். ஷான் மாநிலத்தில் இன்னும் மோசம்: ஷான் மொழியில் ஷிபா, பர்மிய மொழியில் திபா, செங்வி என்றால் தெய்ன்னி, மோங்மிட் என்றால் மொமெய்க். ஒரு செய்தியில் ஷிபா விழுந்தது, இன்னொன்றில் திபா விழுந்தது என்று வந்தால், தெரியாதவர் ரெண்டு ஊர் விழுந்ததாகக் கணக்கு எழுதிவிடுவார்.

ஆங்கில எழுத்தை அப்படியே படிப்பதும் ஆபத்து. 'க்யாக்' என்று படிக்கத் தோன்றுவதை அந்த ஊர்க்காரர் 'சவுக்' என்றுதான் சொல்வார், கல் என்று பொருள். சவுக்மே வடக்கு ஷானில், சவுக்பியூ மேற்கே ரக்கைன் கடற்கரையில், சவுக்தாவும் ரக்கைனில், சவுக்சே மாந்தலேக்குத் தெற்கில். நாலையும் குழப்பினால் ஒரு படையை ஒரே இரவில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நகர்த்திவிடுவீர்கள். அத்தோ கடையில் பர்மிய மொழி தெரிந்த பெரியவர் இருந்தால் பட்டியலை எடுத்துக்கொண்டு போய் ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நாலு பெயருக்கு நாலு கட்டம் போக, பதிவேட்டில் ஐந்தாவது கட்டமும் வேண்டும்: ஊரா, டவுன்ஷிப்பா? அங்கே டவுன்ஷிப்புக்கும் அதன் தலைமை ஊருக்கும் ஒரே பெயர். ரக்கைனின் 17 டவுன்ஷிப்பில் 14 ரக்கைன் இனத்தாரின் அரக்கான் படையிடம், சிட்வே, சவுக்பியூ, மனாவுங் மூன்றும் இராணுவத்திடம் என்று 2024 முடிவில் எழுதினார்கள். சரியான கணக்குதான். ஆனால் 'சிட்வே இராணுவத்திடம்' என்பதை அந்த டவுன்ஷிப்பின் கடைசிக் கிராமம்வரை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நாலு குறி

முழுக்க நிரப்பிய வட்டம்: முகாமும் நிர்வாகமும் ஒரே தரப்பின் கையில். பாதி நிரப்பியது: ஊர் ஒருவரிடம், வெளியே போகும் வழி இன்னொருவரிடம், அல்லது முழுக் கட்டுப்பாடு இன்னும் உறுதியாகவில்லை. வெற்று வட்டம்: பிடித்துவிட்டோம் என்று ஒரு தரப்பு மட்டும் சொல்கிறது. பெருக்கல் குறி: ஒருவர் விட்டுப் போனார், அடுத்தவர் இன்னும் வரவில்லை.

எந்தக் குறி என்று முடிவு செய்ய மூன்று கேள்வி போதும். முகாமில் யார் கொடி? செக்போஸ்ட்டில் லாரிக்கு வரி வாங்குவது யார்? இருட்டிய பிறகு ஊருக்குள் நடமாடுவது யார்? மூன்றுக்கும் ஒரே பதில் வந்தால்தான் வட்டத்தை முழுதாக நிரப்பலாம். பல ஊர்களில் மூன்றுக்கும் மூன்று பதில் வரும். அப்படியானால் பாதி வட்டம் போட்டு, விவரத்தை நோட்டில் எழுதுங்கள்.

ரோட்டுக்கு ஏன் தனிக் கோடு என்பதற்கு மாந்தலே–மூசே சாலையை எடுத்துக்கொள்ளலாம். சீன எல்லை வியாபாரத்தின் முதுகெலும்பு அது. வரிசை: மாந்தலே, மேமியோ, நவுங்சோ, சவுக்மே, திபா, லாஷியோ, தெய்ன்னி, குட்காய், மூசே. 2023 அக்டோபர் 27-ல் கொக்காங், தாங், அரக்கான் ஆகிய மூன்று இனப் படைகளும் 'மூன்று சகோதரர் கூட்டணி' என்ற பெயரில் தாக்குதல் தொடங்கின. 2024 ஜனவரிக்குள் குட்காய் தாங் படையிடமும் தெய்ன்னி கொக்காங் படையிடமும் போயிற்று. 2024 ஆகஸ்டில் லாஷியோவும் வடகிழக்கு இராணுவத் தலைமையகமும் கொக்காங் படையிடம்; அதே மாதம் சவுக்மே தாங் படையிடம். பிறகு சீனா நடுவில் நின்று பேசி, 2025 ஏப்ரலில் லாஷியோ நகரம் சண்டையில்லாமல் இராணுவத்திடம் திரும்பியது.

இதை நிறம் பூசிய படத்தில் பார்த்தால், எதிரி நிறத்துக்கு நடுவில் ஒரு புள்ளி இராணுவ நிறம், அவ்வளவுதான். சாலைக் கோட்டில் பார்த்தால் அடுத்து என்ன நடக்கும் என்பதே தெரியும்: லாஷியோ இராணுவத்தின் கையில் இருக்கிறது, மாந்தலேயிலிருந்து அங்கே போக வழி இல்லை, நடுவில் நவுங்சோ, சவுக்மே, திபா மூன்றும் தடை. அந்த மூன்றையும் இராணுவம் அதே வரிசையில்தான் மீட்டது: 2025 ஜூலையில் நவுங்சோ, அக்டோபரில் சவுக்மே, பின்னாலேயே திபா. கோட்டை ஊருக்கு ஊர் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டின் மேலும் தேதி எழுதி வையுங்கள். பாலம், கணவாய் இருக்கும் துண்டில் சின்னக் குறுக்குக்கோடு போடுங்கள். நவுங்சோவுக்கும் சவுக்மேவுக்கும் நடுவே உள்ள கோக்தெய்க் பள்ளத்தாக்கு அப்படிப்பட்ட இடம்.

கூட்டணி நோட்டு

யாருக்கு யார் நண்பன் என்பதைப் படத்தில் காட்ட முயல வேண்டாம், அம்புக்குறி போட்டே தாள் நிரம்பிவிடும். கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள். பன்னிரண்டு தரப்போடு தொடங்குவது நல்லது: இராணுவம், அதை எதிர்க்கும் மக்கள் பாதுகாப்புப் படை, இனப் படைகளான கச்சின், கொக்காங், தாங், அரக்கான், வா, ஷான் வடக்கு, ஷான் தெற்கு, கரேன், கரேன் எல்லைக் காவல் படை (இராணுவத்தின் கீழ் இருந்தது), கரென்னி. பன்னிரண்டு பேர் என்றால் ஜோடி 66. ஒவ்வொரு ஜோடிக்கும் அரைப் பக்கம், மொத்தம் 33 பக்கம். சின், பாஓ படைகளைக் கை பழகிய பிறகு சேர்க்கலாம். ரெண்டுமே தங்களுக்குள் பிரிந்து கிடக்கின்றன, ஆரம்பத்திலேயே எடுத்தால் நோட்டு குழம்பும்.

ஒவ்வொரு பதிவிலும் நாலு சங்கதி: உறவு, இடம், எந்தத் தேதி முதல், எதற்காக. உறவுக்கு ஐந்து எழுத்து போதும். 'போ' என்றால் போர், 'நி' என்றால் போர்நிறுத்தம், 'சே' என்றால் சேர்ந்து சண்டை, 'ஒ' என்றால் ஒதுங்கி நிற்பது, 'வ' என்றால் வழி விடுவது. கடைசி எழுத்தை இளப்பமாக நினைக்காதீர்கள். சண்டையும் போடாமல் கூட்டும் சேராமல், தன் ரோட்டில் இன்னொருவன் படையைப் போகவிடுவதுதான் இந்தப் போரில் பல ஊர்களின் கதையை மாற்றியது.

இடம் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டால் நோட்டு பயன்படாது. 2024 ஜனவரி 11-ல் சீனாவின் குன்மிங்கில் மூன்று சகோதரர் கூட்டணிக்கும் இராணுவத்துக்கும் போர்நிறுத்தம் பேசி முடித்தார்கள். இடம் எழுதாதவர் கூட்டணி மொத்தத்துக்கும் 'நி' போட்டுவிடுவார். அதற்கு மூன்றே நாள் கழித்து, அதே கூட்டணியின் அரக்கான் படை சின் மாநிலத்தில் பலெட்வாவைப் பிடித்தது. ஒப்பந்தம் வடக்கு ஷானுக்கு மட்டும். மேற்கில் 2023 நவம்பர் 13-ல் தொடங்கிய சண்டை நிற்கவே இல்லை. ஆகவே நோட்டில் 'கொக்காங்–இராணுவம்: நி, வடக்கு ஷான், 11-1-2024' என்று ஒரு வரி, 'அரக்கான்–இராணுவம்: போ, ரக்கைனும் பலெட்வாவும், 13-11-2023 முதல்' என்று ஒரு வரி. இரண்டும் ஒரே வாரத்தில் உண்மை.

கட்சி மாறுவதில் நாலைந்து ரகம் உண்டு, ஒவ்வொன்றையும் வேறு மாதிரி எழுத வேண்டும். வெளிப்படையாகப் பக்கம் மாறுவது: கரென்னியில் எல்லைக் காவல் படையாக இருந்த கே.என்.பி.எல்.எஃப். என்ற அமைப்பு 2023 ஜூனில் இராணுவத்துக்கு எதிராகத் திரும்பியது. உடைவது: 1994 டிசம்பரில் கரேன் அமைப்பிலிருந்து பௌத்தப் பிரிவு பிரிந்து இராணுவத்தோடு சேர்ந்தது, அடுத்த மாதமே கரேன் தலைமையகம் மானர்ப்ளாவ் விழுந்தது. சண்டையில்லாமல் கைமாற்றுவது: 2024 ஜனவரியில் கொக்காங் படை தான் பிடித்த ஹோபாங்கை வா படையிடம் கொடுத்தது. இது 'வா படை பிடித்தது' அல்ல. 'பெற்றது' என்று எழுதினால்தான் வா படை இராணுவத்தோடு போரில் இல்லை என்பது நோட்டில் நிற்கும்.

எல்லாவற்றிலும் ஏமாற்றுவது பெயர் மாற்றம். தாய்லாந்து எல்லையில் மியாவடி ஊரை 2024-ல் நோட்டில் எப்படி எழுதியிருக்க வேண்டும் என்று பாருங்கள். ஜனவரி: கரேன் எல்லைக் காவல் படை, இனி இராணுவத்திடம் சம்பளம் வாங்க மாட்டோம் என்கிறது, மார்ச்சில் கரேன் தேசியப் படை என்று பெயரையும் மாற்றுகிறது. இராணுவத்தோடு உறவு: 'ஒ'. ஏப்ரல் 11: கரேன் விடுதலைப் படையும் (நோட்டில் 'கரேன்') கூட்டாளிகளும் இராணுவத்தின் 275-ஆம் பட்டாலியன் முகாமைப் பிடிக்கிறார்கள், எல்லைக் காவல் படை தடுக்கவில்லை. கரேன் விடுதலைப் படையோடு உறவு: 'வ'. ஏப்ரல் 20: இரண்டாம் நட்புறவுப் பாலத்தடியில் ஒண்டியிருந்த இராணுவத்தார் மேல் தாக்குதல். ஏப்ரல் 24-க்குள்: கரேன் விடுதலைப் படை விலகுகிறது, எல்லைக் காவல் படையின் துணையோடு இராணுவம் முகாமில் மறுபடி கொடி ஏற்றுகிறது. இப்போது உறவு 'சே', ஆனால் கரேன் விடுதலைப் படையோடு அல்ல, இராணுவத்தோடு. ஏப்ரல் 11 அன்று 'மியாவடி விழுந்தது' என்று வட்டத்தை முழுதாக நிரப்பியவர்கள் ரெண்டே வாரத்தில் அழிக்க வேண்டி வந்தது. முகாமில் கொடி மாறியதே தவிர, ஊரின் வியாபாரமும் செக்போஸ்ட்டும் நெடுகிலும் எல்லைக் காவல் படையிடம்தான் இருந்தன. 'எதற்காக' என்ற நாலாவது கட்டத்தில் 'எல்லை வருமானம்' என்று முதல் நாளே எழுதியிருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

செய்தியைச் சோதிப்பது

பிடித்தோம் என்று பிடித்தவர் சொன்னால் வெற்று வட்டம். மூன்று நாள் பொறுங்கள். அதற்குள் ஊருக்குள் எடுத்த படமோ வீடியோவோ வந்து, மலை வரிசை, பகோடா, பெயர்ப் பலகை ஆகியவை செயற்கைக்கோள் படத்தோடு ஒத்துப்போனால் பாதி நிரப்பலாம். இழந்தவரே ஒப்புக்கொண்டால் அதுதான் உறுதியான சாட்சி: 2024 ஆகஸ்டில் லாஷியோ தலைமையகத்து மூத்த அதிகாரிகளோடு தொடர்பு அறுந்தது என்று இராணுவமே சொன்னது. இன்னொரு நடைமுறைக் கணக்கு: விமானம் வைத்திருப்பது இராணுவம் மட்டும்தான். ஓர் ஊரின் நடுவில் விமானக் குண்டு விழுந்தால் அந்த நடுப்பகுதி அன்று இராணுவத்திடம் இல்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

நாசாவின் ஃபர்ம்ஸ் தளத்தில் தீப்புள்ளிகள் தெரியும், 375 மீட்டர் துல்லியத்தில். நேரம் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும், அங்குள்ள நேரத்துக்கு ஆறரை மணி, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டுங்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல்வரை இதை நம்பாதீர்கள். மலையில் காடு எரித்து விவசாயம் செய்யும் காலம், ஷான் மாநிலம் முழுக்கப் புள்ளியாகத்தான் இருக்கும். மே முதல் அக்டோபர்வரை மேகம் மறைக்கும், சென்டினல்-2 செயற்கைக்கோள் படமும் பெரும்பாலும் உதவாது.

ஞாயிறு சாயங்காலம் ஒரு மணி நேரம், ரெண்டு பேர். ஒருவர் நோட்டைப் படிக்க, ஒருவர் படத்தில் குறியிட வேண்டும். ஒரே ஆள் ரெண்டும் செய்தால் பெயர் தப்பும். தாளின் கீழ் வலது மூலையில் 'இந்தத் தேதிவரை' என்று எழுதாமல் போகக் கூடாது. நோட்டில் எதையும் ரப்பர் போட்டு அழிக்கக் கூடாது; ஒரு கோடு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதுங்கள். பெரியவருக்குப் பதில் சொல்லும்போதும் அதே ஒழுங்கு: ஊர் யாரிடம், ரோடு யாரிடம், எந்தத் தேதிப்படி.

அங்கே உறவுக்காரர் இருப்பவர்கள் போனில் கேட்ட சேதியைச் சொல்வார்கள். சேதியை எழுதுங்கள், சொன்னவர் பெயர், தெரு, நம்பர் எதையும் எழுதாதீர்கள், சுவரைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடும்போது நோட்டின் அந்தப் பக்கம் போட்டோவில் விழாமல் பாருங்கள். யாருடைய பையன் எந்த ஊரில் ஒளிந்திருக்கிறான் என்பது படத்துக்குத் தேவையில்லாத தகவல். 2024 பிப்ரவரியில் கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் அமலுக்கு வந்த பிறகு அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

பழைய தாள்களை மடிக்க வேண்டாம், மடிப்பு விழுந்த இடத்தில் அடுத்த தாளோடு பொருந்தாது. நாலு அங்குல பி.வி.சி. பைப் நாலடி வெட்டி, ஒரு முனையை மூடி போட்டு ஒட்டிவிடுங்கள். உள்ளே ரெண்டு பாச்சா உருண்டை போட்டு, மாதம் எழுதிய முனை வெளியே தெரியும்படி சுருட்டி வைத்தால் ஒரு வருஷத் தாள் ஒரே பைப்பில் அடங்கும்.